குழந்தைகள் பார்க்கும் தொடர்களில் முகங்களுக்கு வயது வரம்பு உண்டா?

வாசகரின் கடிதம் (அடையாளங்கள் நீக்கப்பட்டு, சுருக்கமாக)

எழுதியிருப்பவர் ஒரு தாய். அவருக்கு 5 வயதில் ஒரு மகளும் 11 வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். மகள் விரும்பிப் பார்த்துவந்த கார்ட்டூன் தொடர் ஒன்றில், பள்ளி விட்டதும் கதாநாயகியின் வகுப்புத் தோழனை அழைத்துப்போக இரண்டு அம்மாக்கள் வருகிறார்கள், எல்லோருக்கும் கையசைத்துவிட்டுப் போகிறார்கள், காட்சி அவ்வளவுதான். "அவனுக்கு மட்டும் ஏன் ரெண்டு அம்மா?" என்று குழந்தை கேட்டதும், அருகிலிருந்த தந்தை தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தத் தொடருக்கு வீட்டில் தடை. தாம் சிறுவயதில் பார்த்த பழைய கார்ட்டூன்களே சுத்தமானவை என்று சொல்லி, அவற்றை மட்டுமே அவர் மகளுக்குப் போட்டுக்காட்டுகிறார். சில நாள்களில், அவற்றில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த மகள், "கெட்டவங்க எல்லாரும் ஏன் கறுப்பா இருக்காங்க? நானும் கறுப்புதானே?" என்று கேட்டிருக்கிறாள். தாயிடம் பதில் இல்லை.

இதற்கிடையே மகன், 13+ என்று குறிக்கப்பட்ட ஒரு தொடரை முழுவதுமாகப் பார்த்து முடித்திருக்கிறான். வேற்று நாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த மாணவன் ஒருவன் நிறத்துக்காகவும் உச்சரிப்புக்காகவும் கேலிசெய்யப்படுவதும், அடிக்கப்படுவதும், கடைசியில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் அதில் வருகின்றன. பாகுபாட்டை எதிர்க்கும் நல்ல கதை என்பதால் தாயே அனுமதித்திருக்கிறார். மூன்று வாரங்களாக அவன் தனியே தூங்க மறுக்கிறான் என்பதைக் கடிதத்தின் கடைசி வரியாகச் சேர்த்திருக்கிறார்.

அவருடைய கேள்விகள்: இரண்டு அம்மாக்கள் போன்ற விஷயங்கள் 5 வயதுக்கு ஏற்றவையா? பார்த்தால் குழந்தை குழம்பிவிடுமா, அல்லது அதுபோல ஆகிவிடுமா? கணவர் தடைசெய்வது சரியா? இத்தகைய தொடர்களுக்கு எதிராகப் புகார் தர எங்களுக்கு உரிமை உண்டா?

குழந்தைகள் மனநல ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மகளைப் பற்றி இரண்டு பக்கங்களும், மகன் தனியே தூங்க மறுப்பதைப் பற்றி ஒரு வரியும் இருக்கின்றன. நான் மகனிடமிருந்து தொடங்குகிறேன். காத்திருக்கக் கூடாதது அதுதான்.

முதலில் மகன்

11 வயதுப் பையன் பயந்தாங்கொள்ளி அல்ல, அடம்பிடிக்கவும் இல்லை. அச்சமூட்டும் காட்சிகளுக்குக் குழந்தைகள் வயதுவாரியாக எப்படி எதிர்வினை காட்டுகிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜோன் கேன்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் தெளிவாகக் காட்டிய ஒரு விஷயம் உண்டு. பள்ளிக்குச் செல்லும் முன் உள்ள குழந்தைகள், தோற்றத்தில் கோரமானவற்றுக்கு அஞ்சுகிறார்கள். அது நடக்கக்கூடியதா இல்லையா என்பது அவர்களுக்குப் பொருட்டல்ல. வளர வளர இது தலைகீழாகிறது. பூதங்களைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் வயதில், உண்மையில் நடக்கக்கூடியவை அச்சமூட்டத் தொடங்குகின்றன. உங்கள் மகன் பார்த்தது பள்ளிக்கூட வராந்தாவில் நடக்கக்கூடிய கதை. அவனும் தினமும் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் நடக்கிறான்.

எனவே அவனிடம் "அது வெறும் கதைதான்" என்று சொல்வதில் பயனில்லை. அந்த வயதில் அவனுக்கு அது தெரியும். அணைத்துக்கொண்டு படுக்க வைப்பது சிறு குழந்தைக்குப் போதும், அவனுக்குப் பேச்சு வேண்டும். எந்தக் காட்சி திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது என்று கேளுங்கள். அந்த மாணவனுக்கு எந்த இடத்தில், யார் உதவியிருக்க முடியும் என்று கேளுங்கள். கதைக்குள் யாரும் செய்யாத உதவியை அவன் வாயால் சொல்லவைப்பது பெரிய ஆறுதல் தரும். அதோடு, "உன் பள்ளியில் இப்படி யாருக்காவது நடக்கிறதா? உனக்கு நடக்கிறதா?" என்று பட்டும்படாமல் கேட்காமல் நேராகவே கேட்டுவிடுங்கள். மகள் தன் நிறத்தைப் பற்றிக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதே நிறத்தோடு அண்ணன் 11 வயது வரை யாரிடமும் ஒரு சொல்லும் கேட்காமல் வந்திருப்பான் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்தத் தொடரை அவன் கடைசிவரை பார்த்ததற்கே அது காரணமாக இருக்கலாம்.

தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா என்றும் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பெற்றோரிடம் பரவலாக இருக்கிறது. அது தவறு என்பது மனநல மருத்துவத்தில் நன்கு நிறுவப்பட்டது. அமைதியாகக் கேட்கப்படும் நேரடிக் கேள்வி பிள்ளைகளின் சுமையைக் குறைக்கிறது. பதிலில் "செத்துப்போனால் நன்றாயிருக்கும்" என்பது போன்ற எதுவும் தென்பட்டால், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அப்படி எதுவும் இல்லை, ஆனால் இன்னும் இரண்டு வாரத்தில் தூக்கம் சீராகவில்லை, அல்லது பள்ளிக்குப் போக மறுக்கிறான் என்றாலும் குழந்தைகள் மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.

ஒரே தவறு, இரண்டு திசைகளில்

இதைப் படித்துவிட்டு உங்களை நீங்களே குற்றம்சாட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதைக் கவனியுங்கள். மகளின் தொடரில் வித்தியாசமான ஒரு குடும்பம் தோன்றியது. அதனால் அது வயதுக்கு மீறியது என்று உங்கள் கணவர் முடிவுசெய்தார். மகனின் தொடரில் வித்தியாசமான ஒரு மாணவனுக்கு ஆதரவான கருத்து இருந்தது. அதனால் அது வயதுக்கு ஏற்றது என்று நீங்கள் முடிவுசெய்தீர்கள். இருவரும் கதையில் யார் வருகிறார் என்பதை மட்டும் பார்த்தீர்கள். என்ன நடக்கிறது, எவ்வளவு விரிவாகக் காட்டப்படுகிறது, எப்படி முடிகிறது என்பவற்றை இருவருமே பார்க்கவில்லை. வயதுப் பொருத்தத்தைத் தீர்மானிப்பவை இந்தப் பின்னவைதான்.

உலகின் வகைப்பாட்டு அமைப்புகள் பெரும்பாலும் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. அமெரிக்கத் திரைத்துறை 1968இல் வயதுவாரித் தரக்குறியீட்டைத் தொடங்கியது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், ஒரே 'யு/ஏ' பிரிவை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது. வன்முறை, அச்சம், பாலுறவு, போதைப்பொருள், வசைமொழி ஆகியவற்றின் தீவிரம்தான் இவற்றில் எடைபோடப்படுகிறது. பிரிட்டனின் திரைப்பட வகைப்பாட்டு வாரியம், பாலுறவுக் காட்சிகளை மதிப்பிடும்போது அவை ஆண் பெண் இணையரா ஒரே பாலின இணையரா என்று பார்க்காமல் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவதாகத் தன் வழிகாட்டு நெறிகளிலேயே சொல்கிறது. நெதர்லாந்தில் 2001 முதல் நடைமுறையில் உள்ள குறியீட்டு முறை இன்னும் ஒருபடி போய், வன்முறைக்கும் அச்சத்துக்கும் சின்னங்கள் வைத்திருப்பதுபோலவே, பாகுபாட்டைக் காட்டும் நிகழ்ச்சிகளுக்கும் தனிச் சின்னம் வைத்திருக்கிறது. பல நிறத்தவர் வருவது எச்சரிக்கைக்குரியதாக அங்கே கருதப்படவில்லை; ஒரு நிறத்தவர் இழிவுபடுத்தப்படுவதுதான் எச்சரிக்கைக்குரியதாகக் கருதப்படுகிறது.

உங்கள் கணவரின் ஐயத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அதே காட்சியில் இரண்டு அம்மாக்களுக்குப் பதில் ஓர் அப்பாவும் அம்மாவும் வந்து கையசைத்திருந்தால், அவர் அதை வயதுக்கு மீறியது என்று நினைத்திருப்பாரா? இல்லையென்றால், அவரை உறுத்துவது குழந்தையின் வயது அல்ல. உறுத்துவது வேறு ஏதோ ஒன்று: நம்பிக்கையாக இருக்கலாம், பழக்கமின்மையாக இருக்கலாம், குழந்தையின் கேள்விக்குப் பதில் தெரியாத சங்கடமாகவும் இருக்கலாம். அவற்றை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் அவற்றை அவற்றின் பெயராலேயே பேசினால்தான் நீங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வரமுடியும்.

குழம்பிவிடுமா, மாறிவிடுமா?

5 வயதுக் குழந்தையின் கேள்விக்குப் பின்னால் பாலுறவு பற்றிய எண்ணம் இல்லை. அந்த எண்ணம் இருப்பது அந்தக் கேள்வி காதில் விழுந்த பெரியவர்களிடம்தான். குழந்தைக்குக் குடும்பம் என்பது, யார் யார் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், யார் சோறு ஊட்டுகிறார்கள், யார் பள்ளிக்கு வந்து கூட்டிப்போகிறார்கள் என்ற கணக்கு. தாத்தா பாட்டியிடம் வளரும் குழந்தை, அப்பா இல்லாத குழந்தை, தத்தெடுக்கப்பட்ட குழந்தை என்று அந்தக் கணக்கில் ஏற்கெனவே பல வகைகள் அவளுக்குத் தெரிந்திருக்கும். "சில வீட்டில் அம்மாவும் அப்பாவும் இருப்பாங்க, சில வீட்டில் அம்மா மட்டும் இருப்பாங்க, அவன் வீட்டில் ரெண்டு அம்மா இருக்காங்க" என்று ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால், அடுத்த நிமிடம் அவள் கார்ட்டூனுக்குத் திரும்பியிருப்பாள். தொலைக்காட்சி சட்டென்று அணைக்கப்பட்டதால்தான் அந்தக் காட்சி அவள் நினைவில் தங்கியிருக்கும். தான் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டோம் என்பதையே அவள் அன்று கற்றிருப்பாள்.

ஒரு கதாபாத்திரத்தைப் பார்த்ததால் குழந்தையின் பாலின ஈர்ப்பு மாறும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. திரையில் மட்டுமல்ல, ஒருபாலினத் தம்பதியரிடமே வளரும் குழந்தைகளைப் பற்றியும் நிறைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்த்த அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், குழந்தையின் நலனைத் தீர்மானிப்பது பெற்றோரின் பாலின ஈர்ப்பைக் காட்டிலும் பெற்றோருக்கும் குழந்தைக்கும் இடையிலான உறவும் குடும்பத்துக்குக் கிடைக்கும் ஆதரவுமே என்று 2013இல் தன் கொள்கை அறிக்கையில் கூறியது.

உங்கள் குடும்பத்தின் சமய நம்பிக்கை இதில் வேறு கருத்துக் கொண்டதாக இருக்கலாம். அந்த நம்பிக்கையைப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் உரிமை உங்களுக்கு உண்டு. வயது வரும்போது சொல்லுங்கள். ஆனால் அத்தகைய வீட்டுக் குழந்தை ஒன்று நாளை அவள் பக்கத்து இருக்கையில் உட்காரலாம் என்பதையும் நினைவில் வைத்துச் சொல்லுங்கள். "நம் வீட்டில் நாம் இப்படி நம்புகிறோம்" என்பது ஒன்று. "அவர்கள் அசிங்கம்" என்பது முற்றிலும் வேறு. இரண்டாவதைக் கேட்டு வளரும் குழந்தை அதை அப்படியே வகுப்பறைக்கு எடுத்துச்செல்கிறது.

பழைய கார்ட்டூன்கள் சுத்தமானவையா?

இந்த இடத்தில்தான் உங்கள் கணவரோடு எனக்கு உண்மையான கருத்து வேறுபாடு. 1985இல் சிந்தியா ஹாஃப்னரும் ஜோன் கேன்டரும் ஓர் எளிய சோதனை நடத்தினார்கள். ஒரு மூதாட்டி வரும் காணொளியைப் பல விதமாகத் தயாரித்தார்கள்: சிலவற்றில் அவர் பார்க்கப் பாந்தமானவர், சிலவற்றில் சூனியக்காரி போன்றவர், சிலவற்றில் அன்பாக நடப்பவர், சிலவற்றில் கொடுமைக்காரர். 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் அவரை எடைபோடத் தோற்றத்தையே பெரிதும் நம்பினார்கள். 9, 10 வயதினர் நடத்தையைப் பார்த்தார்கள். சிறு குழந்தைக்கு முகமே குணம் என்பது இதன் பொருள். ஆகவே, எந்த வயதில் குழந்தைக்கு வேற்றுமைகளைக் காட்டாமல் இருக்கலாம் என்று நாம் நினைக்கிறோமோ, அந்த வயதில்தான் யாருக்கு எந்த முகம் கொடுக்கப்படுகிறது என்பது மிக ஆழமாகப் பதிகிறது. பன்மைத்தன்மையை வயதுப் பொருத்தத்துக்கு எதிரானதாக வைத்துப் பேசுகிறோம். 5 வயதில் அது வயதுப் பொருத்தத்தின் ஒரு பகுதியே.

பழைய கார்ட்டூன்கள் இந்த வகையில் எப்படிப்பட்டவை? 1968இலேயே, புகழ்பெற்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொகுப்பு ஒன்றிலிருந்து 11 படங்கள், கறுப்பினத்தவரைச் சித்திரித்த விதத்துக்காகத் தொலைக்காட்சி விநியோகத்திலிருந்து விலக்கப்பட்டன. அவை அதற்கு முன் பல ஆண்டுகள் குழந்தைகளுக்கான வேடிக்கையாகவே ஓடியவை. 1998இல் ஜூலியா டோப்ரோவும் கால்வின் கிட்னியும் குழந்தைகளுக்கான தொலைக்காட்சிக் கார்ட்டூன்களின் பேச்சுமொழியை ஆராய்ந்தபோது, வில்லன்களுக்கு அயல்நாட்டு உச்சரிப்பும் எளிய மக்களின் வழக்குமொழியும் கொடுக்கப்படுவதைப் பதிவுசெய்தார்கள். நாயகன் செம்மையாகப் பேசுவான், கெட்டவன் வேற்றூர்க்காரனைப் போலப் பேசுவான். நீங்களும் உங்கள் கணவரும் இவற்றைப் பார்த்து வளர்ந்தபோது இது கண்ணில் படவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் படவில்லை. உங்கள் மகளுக்குப் பட்டுவிட்டது. உண்மையில் அவள் கேட்டதுதான் இந்தக் கடிதத்திலேயே கூர்மையான கேள்வி.

கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி 1940களில் அமெரிக்காவில், நிறத்தைத் தவிர மற்றபடி ஒரேமாதிரியான பொம்மைகளை 3 முதல் 7 வயதுவரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிகளில் இனவாரிப் பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் அளித்த தீர்ப்பில் அந்த ஆய்வும் மேற்கோள் காட்டப்பட்டது. யாரும் அந்தக் குழந்தைகளுக்கு உட்காரவைத்துப் பாடம் எடுக்கவில்லை. சுற்றிலும் கண்டதிலிருந்து அவர்களாகக் கற்றது அது.

மகளுக்குப் பதில் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது. "நீ கறுப்பு இல்லையம்மா, மாநிறம்" என்று மட்டும் சமாதானம் சொல்லிவிடாதீர்கள். கறுப்பு மோசமானதுதான் என்பதை அது உறுதிப்படுத்திவிடும். "ஆமாம், உனக்கு அழகான கறுப்பு நிறம். இந்தப் படத்தை வரைந்தவர்கள் கெட்டவர்களுக்கு எல்லாம் கறுப்புச் சாயம் பூசிவிட்டார்கள், அது அவர்கள் செய்த தப்பு" என்று சொல்லுங்கள். படத்தை யாரோ வரைகிறார்கள், அவர்கள் தவறும் செய்வார்கள் என்பதை 5 வயதில் புரிந்துகொள்ள முடியும். பிறகு அவள் நிறத்தில் ஒரு சிறுமி துப்பறிகிறாள், சண்டைபோடுகிறாள், அசடுவழிகிறாள் என்பதுபோன்ற கதைகளைத் தேடிக் காட்டுங்கள். அவள் எல்லாவற்றிலும் உத்தமியாக இருக்க வேண்டியதில்லை. சிறுபான்மைக் கதாபாத்திரம் என்பதாலேயே குறையே இல்லாமல் படைக்கப்படும் கதைகள் எனக்கு அலுப்பூட்டுகின்றன, குழந்தைகளுக்கும் அப்படித்தான்.

நல்ல கருத்து இருந்தால் போதுமா?

போதாது என்பதற்கு உங்கள் மகனின் அனுபவமே சான்று. சிறு குழந்தைகளிடம் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. மேரி லூயிஸ் மேர்ஸ், எமிலி அகோஸ்டா ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று கால் நாய் ஒன்றை மற்ற நாய்கள் முதலில் ஒதுக்கி, பிறகு ஏற்றுக்கொள்ளும் கார்ட்டூன் கதையை 5, 6 வயதுக் குழந்தைகளுக்குக் காட்டினார்கள். உடற்குறை உள்ளவர்களை ஒதுக்கக் கூடாது என்பது கதை சொல்லவந்த பாடம். குழந்தைகளில் பெரும்பாலோர் அதை நாய்களைப் பற்றிய பாடமாகவே எடுத்துக்கொண்டார்கள். மனிதர்களுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. அவர்களே 2010இல் செய்த தொடராய்வில், கதையின் பொருளை நேரடியாக எடுத்துச்சொல்லும் சிறு துணுக்குகளை நடுவில் சேர்த்தபோது புரிதல் கூடியது.

இதிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 18 நிமிடம் ஒரு பாத்திரத்தைக் கேலிசெய்துவிட்டு, கடைசி 2 நிமிடத்தில் எல்லோரும் மன்னிப்புக் கேட்டுக் கட்டிப்பிடிக்கும் கதையிலிருந்து, 5 வயதுக் குழந்தை அந்த 18 நிமிட வசைச்சொற்களைத்தான் கற்றுக்கொண்டு வரக்கூடும். அந்த வயதுக்குப் பொருத்தமானவை, வேறுபட்டவர்கள் சும்மா இருக்கும் கதைகள்: சக்கர நாற்காலியில் வரும் சிறுவன் கண்ணாமூச்சி விளையாடுகிறான், வேற்று நிறச் சிறுமி கேக்கைக் கீழே போட்டுவிடுகிறாள், இரண்டு அம்மாக்கள் கையசைத்துவிட்டுப் போகிறார்கள். ஒதுக்குதலும் இழிவும் அவற்றை எதிர்ப்பதும் கதையாகும் தொடர்கள் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கானவை, அப்போதும் பெரியவர் ஒருவர் அருகில் இருந்தால்தான் நல்லது. உங்கள் கணவர் அணைத்துவிட்டது, 5 வயதுக்கு ஏற்ற வகையைச் சேர்ந்த ஒரு காட்சியை.

எந்தக் கருப்பொருளை எந்த வயதுக்கு எப்படிச் சொல்வது என்பதில் நான் அடிக்கடி எடுத்துக்காட்டும் வரலாறு, 1969 நவம்பரில் அமெரிக்காவில் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட் என்ற, பொம்மைகளும் மனிதர்களும் வரும் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியுடையது. பல இனத்தவர் ஒரே தெருவில் வாழ்வதாகக் காட்டியதற்காக, மிசிசிப்பி மாநிலக் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் 1970இல் அதை ஒளிபரப்ப மறுத்தது. எதிர்ப்பு எழவே சில வாரங்களில் பின்வாங்கியது. குழந்தைகள் மறுக்கவில்லை, ஆணையத்தின் பெரியவர்கள் மறுத்தார்கள். ஆனால் இதே நிகழ்ச்சியின் தயாரிப்பாளர்கள் 1992இல் பெற்றோரின் மணமுறிவைப் பற்றி ஒரு பகுதி தயாரித்து, ஒளிபரப்புக்கு முன் பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளிடம் போட்டுப் பார்த்தார்கள். மணம் முறிந்தாலும் பெற்றோரின் அன்பு மாறாது என்பது குழந்தைகளுக்கு எட்டவில்லை, கலங்கிப்போனார்கள். செலவழித்துத் தயாரித்த அந்தப் பகுதியை அவர்கள் ஒளிபரப்பவே இல்லை. அதே கருப்பொருளை வேறு வடிவில், பெற்றோருக்கான வழிகாட்டுதலோடு, 2012இல் வெளியிட்டார்கள். இடையில் 2002இல் இந்நிகழ்ச்சியின் தென்னாப்பிரிக்கப் பதிப்பில் எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒரு பொம்மைச் சிறுமியும், 2017இல் அமெரிக்கப் பதிப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுமியும் சேர்ந்தார்கள். கருப்பொருள் எதுவும் தடைசெய்யப்படவில்லை. சொல்லும் விதம் குழந்தைகளிடமே சோதிக்கப்பட்டது. வயதுப் பொருத்தத்தைத் தீவிரமாக எடுத்துக்கொள்வது என்றால் இதுதான்.

உரிமைகள் பற்றி

1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை அமெரிக்கா நீங்கலாக ஐ.நா.வின் உறுப்பு நாடுகள் அனைத்தும் ஏற்று உறுதிசெய்திருக்கின்றன. அதன் 5ஆம் உறுப்பு, குழந்தையின் வளர்ந்துவரும் திறனுக்கு ஏற்ப வழிகாட்டும் பொறுப்பையும் உரிமையையும் பெற்றோருக்குத் தருகிறது. ஆகவே உங்கள் கணவர் ஒரு தொடரை நிறுத்துவது அவர் உரிமைக்கு உட்பட்டதே. அதில் சட்டத் தவறு ஏதுமில்லை. 17ஆம் உறுப்பு, பலதரப்பட்ட ஊடகங்களிலிருந்து தகவலைப் பெறும் குழந்தையின் உரிமையையும், கேடு விளைவிக்கும் உள்ளடக்கத்திலிருந்து அதைக் காக்கும் நெறிகளை வகுக்க வேண்டியதையும் ஒரே மூச்சில் பேசுகிறது. 2ஆம் உறுப்பு எந்தக் குழந்தையும் தன் பெற்றோரின் நிலை காரணமாகப் பாகுபடுத்தப்படக் கூடாது என்கிறது. இரண்டு அம்மாக்கள் உள்ள குழந்தையும் அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தன் குடும்பம் திரையில் தோன்றியதும் அணைக்கப்பட வேண்டியதல்ல என்று அறியும் உரிமை அதற்கு உண்டு.

புகார் தருவதைப் பொறுத்தவரை, வழி இருக்கிறது. ஓடிடி தளங்களும் ஒளிபரப்பாளர்களும் புகார்களைப் பெற ஏற்பாடு வைத்திருக்கிறார்கள், பல நாடுகளில் அதற்கு மேல் ஒழுங்குமுறை அமைப்பும் உண்டு. ஆனால் எதற்குப் புகார் என்பதில் தெளிவு வேண்டும். தவறான வயதுக் குறியீடு, சிறுவர் பிரிவில் நுழைந்துவிட்ட வன்முறை, முன்னெச்சரிக்கை இல்லாமல் காட்டப்படும் தற்காயம், ஒரு பிரிவினரைக் கேவலப்படுத்தும் சித்திரிப்பு ஆகியவை நியாயமான புகார்கள். இப்படி ஒரு குடும்பம் திரையில் தோன்றியது என்பது உங்கள் வீட்டு முடிவுக்கான காரணமாக இருக்கலாம். மற்ற வீடுகளுக்கும் சேர்த்து அதை நிறுத்தச்சொல்லும் புகாராக அதை மாற்ற வேண்டாம் என்பது என் ஆலோசனை.

இனி வீட்டில் செய்யவேண்டியவை

தளத்தில் இரு பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கணக்குப் பக்கம் அமைத்து வயது வரம்பும் கடவு எண்ணும் வையுங்கள். ஆனால் அதை முழுவதும் நம்பியிருக்காதீர்கள். 13+ என்ற எண்ணை மட்டும் பாராமல், அதன் அருகில் வன்முறை, தற்காயம், வசைமொழி என்று குறிக்கப்பட்டிருக்கும் காரணங்களை வாசியுங்கள். மகனுக்கான தொடர் என்றால் முதல் பகுதியோடு கடைசிப் பகுதியையும் முன்கூட்டிப் பாருங்கள். கனமான காட்சிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். 11 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையிலான தூரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றல்ல. கேள்விகேட்கும் பிள்ளைக்கு விதிவிலக்குத் தரலாம், எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் புழுங்கும் பிள்ளைக்கு வரம்பை ஒரு வருடம் தள்ளிப்போடலாம். உங்கள் மகன் இரண்டாவது வகை என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் படுகிறது.

பழைய கார்ட்டூன்களையும் தூக்கியெறியச் சொல்லமாட்டேன். தந்தையும் மகளும் சேர்ந்து சிரிக்கும் நேரம் அது. சிக்கலான காட்சி வரும்போது அவரே, "பார்த்தாயா, இங்கே இவர்கள் தப்பாக வரைந்திருக்கிறார்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அவர் சிறுவயதில் நேசித்த ஒன்றைக் குறைசொல்வது அவருக்கு எளிதாக இருக்காது. மகளின் கேள்வியை நீங்கள் அவரிடம் இதுவரை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அவள் கேட்ட சொற்களிலேயே அவரிடம் சொல்லுங்கள், உங்கள் வாதம் எதையும் சேர்க்காமல். அந்த இரண்டு அம்மாக்கள் வரும் தொடரை மீண்டும் அனுமதிப்பதா என்பதை, அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்று கேட்ட பிறகு, இருவருமாக அந்தப் பகுதியை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம். மகனைப் பற்றி மட்டும் இரண்டு வாரத்துக்குள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.